டெல்டாவில் குழந்தைத் தொழிலாளர் திட்டம்: ஐப்பசியில் விழித்திருங்கள்

கேள்வி இதுதான்: "திருவாரூர், நாகை மாவட்டங்களில் இருபது கிராமங்களில் மூன்றாண்டுத் திட்டம் தொடங்கப் போகிறோம். பள்ளியை விட்டு ஆடு, வாத்து மேய்க்கவும் மில் வேலைக்கும் போகும் பிள்ளைகளைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். இதற்கு முன் நடந்த திட்டங்களில் எது பலித்தது, எது பலிக்கவில்லை? மூன்று வருடம் போதுமா?"

நல்ல கேள்வி. நேராகச் சொல்கிறேன். பிள்ளையை மீட்பது இந்த வேலையில் சின்னப் பகுதி. டெல்டாவில் ஒரு பையன் வேலைக்குப் போவது ஏதோ ஒரு நாளில் தானாக நடப்பதில்லை. ஒரு குறிப்பிட்ட மாதத்தில், ஒரு குறிப்பிட்ட தொகைக்கு, தெரிந்த ஆள் ஒருவர் மூலமாகப் போகிறான். அந்த மாதத்தில் அந்த வீட்டுக்கு அந்தத் தொகை வேறு வழியில் கிடைத்திருந்தால் பாதிப் பிள்ளைகள் போயிருக்கவே மாட்டார்கள். உங்கள் திட்ட அறிக்கையில் மீட்பு, விழிப்புணர்வு, தொழிற்பயிற்சி என்று தலைப்புகள் இருக்கும். முன்பணம் என்று ஒரு தலைப்பு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

டெல்டாவின் வேலைக் கணக்கு ஊரில் எல்லோருக்கும் தெரிந்தது. மேட்டூர் திறந்தால் குறுவை. ஆவணி, புரட்டாசியில் சம்பா நடவு, அப்புறம் களையெடுப்பு. அதோடு சரி. ஐப்பசி, கார்த்திகையில் மழை கொட்டும், வயலில் வேலை இருக்காது, கூரை ஒழுகும், தீபாவளியும் அந்த நேரம் பார்த்துத்தான் வரும். அடுத்த கூலி தை அறுவடையில். அதிலும் இப்போது அறுவடை மெஷின் இறங்கிவிடுகிறது, ஆளுக்கு வரப்போரம் அறுப்பதுதான் மிச்சம். புயலும் இந்தப் பருவத்தில்தான். 2018 நவம்பரில் கஜா அடித்த பிறகு, இழந்த வீட்டைச் சரிசெய்யப் பணமில்லாத ஒரு குடும்பம் மகனை ஆடு மேய்க்க அடகு வைத்ததும், பிறகு அதிகாரிகள் அவனை மீட்டதும் செய்தியாக வந்தது. செய்தியில் வராதவை இன்னும் இருக்கும்.

இங்கே ஒரு வேடிக்கையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஜூன் 12 மேட்டூர் அணை திறக்கும் வழக்கமான நாள். அதே ஜூன் 12தான் உலகக் குழந்தைத் தொழிலாளர் எதிர்ப்பு நாளும். அன்றைக்குப் பேரணி, உறுதிமொழி, கடைத்தெருவில் ஆய்வு எல்லாம் நடக்கும். பிள்ளைகளின் விலை பேசப்படுவது அதற்கு நான்கைந்து மாதம் கழித்து. அப்போது பேரணியில் வந்த தொப்பி கூட வீட்டில் இருக்காது.

பேச்சுவார்த்தை எப்படி நடக்கும் என்பதைத் திட்டத்தில் வேலை செய்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். வருகிறவர் வெளியாள் மாதிரி வரமாட்டார். தூரத்துச் சொந்தமாக இருப்பார், அல்லது முன்னால் கடன் கொடுத்தவராக இருப்பார். "பையன் சும்மாதானே இருக்கான், வருஷத்துக்கு இவ்வளவு, மூணு வேளை சோறு, பொங்கலுக்குத் துணி" என்பார். பாதித் தொகை அப்போதே கைக்கு வந்துவிடும். எழுத்து எதுவும் இருக்காது. பையனுக்குப் பத்து, பன்னிரண்டு வயது இருக்கும். அறுவடை முடிந்த வயலில் கிடை போட, அதாவது ராத்திரியில் ஆடுகளை அடைத்துவைக்க, ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்திலிருந்து ஆட்டு மந்தைகள் காலங்காலமாக வருகின்றன. நிலத்துக்கு எரு, ஆட்டுக்கு மேய்ச்சல். அந்த ஏற்பாட்டின் மேல் யாருக்கும் சண்டையில்லை. ராத்திரி நாய்க்கும் நரிக்கும் காவலாகக் கிடையோரம் ஒரு சாக்கை விரித்துப் படுத்திருக்கும் பையன்தான் பிரச்சினை. தொலைந்த குட்டியும் செத்த ஆடும் அவன் கணக்கில் ஏறும். வருடம் முடியும்போது கடன் தீர்ந்திருக்காது, கொஞ்சம் கூடியிருக்கும்.

மந்தை நகர்ந்துகொண்டே இருக்கும். இன்று மன்னார்குடிப் பக்கம், பத்து நாளில் திருத்துறைப்பூண்டிப் பக்கம். அவனைப் பார்க்கும் ஊருக்கு அவன் யாரென்று தெரியாது, அவனைத் தெரிந்த ஊரில் அவன் இல்லை. குழந்தைத் தொழிலாளர் திட்டங்கள் டெல்டாவில் தடுமாறுவதற்கு இதுதான் முதல் காரணம் என்பேன்.

ஏனென்றால் பெரிய திட்டங்கள் எல்லாம் கேட் இருக்கும் இடத்தை நோக்கியே போயின. தேசிய குழந்தைத் தொழிலாளர் திட்டம் 1988-ல் தொடங்கியபோது மனதில் இருந்தவை சிவகாசி போன்ற ஊர்கள். இந்திய அரசும் அமெரிக்கத் தொழிலாளர் துறையும் பணம் போட, சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு நடத்திய இண்டஸ் திட்டம் ஐந்து மாநிலங்களில் 21 மாவட்டங்களில் நடந்தது. தமிழ்நாட்டில் அது போன மாவட்டங்கள் காஞ்சிபுரம், திருவள்ளூர், திருவண்ணாமலை, நாமக்கல், விருதுநகர். டெல்டா இல்லை. பட்டாசு, தீப்பெட்டி, தறி, பீடி, குவாரி என்றால் போய்க் கதவைத் தட்டலாம், தலையை எண்ணலாம். வயலுக்கு ஏது கதவு? ஆனால் 2024 கணக்குப்படி உலகத்தில் வேலை செய்யும் 13.8 கோடிக் குழந்தைகளில் 61 சதவீதம் பேர் விவசாயத்திலும் அதைச் சார்ந்த வேலைகளிலும்தான் இருக்கிறார்கள். ஆகவே தொழிற்சாலைப் பகுதிகளில் பலித்த ஆய்வு முறையை அப்படியே இங்கே கொண்டுவராதீர்கள். இங்கே தேட வேண்டிய இடம் பள்ளிக்கூடத்து வருகைப் பதிவேடு.

பதிவேட்டைப் படிக்க ஒரு கண் வேண்டும். தீபாவளி விடுமுறை முடிந்து வராத பிள்ளை, நடவு சமயத்தில் வாரத்துக்கு இரண்டு நாள் மட்டும் வரும் ஏழாம் வகுப்புப் பெண், அரையாண்டுத் தேர்வு எழுதாமல் பெயர் மட்டும் இருக்கும் பையன். பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் விவரப் பதிவான எமிஸில் 'காமன் பூல்' என்ற ஒரு தொகுப்பு இருக்கிறது. பள்ளியிலிருந்து நீங்கி வேறெங்கும் சேராத பிள்ளைகளின் பெயர்கள் அங்கே போய் நிற்கும். தலைமை ஆசிரியரோடு நல்லபடியாகப் பழகினால் இந்த விவரம் முழுவதும் அவர் வாயிலிருந்தே வந்துவிடும். விசாரணை அதிகாரி மாதிரி போய் நின்றால் நூறு சதவீத வருகை என்று எழுதிக் கொடுப்பார். நீண்ட நாள் வராத பிள்ளையைக் காட்டினால் தன் மேல் பழி வரும் என்ற பயம் அவருக்கு. அந்தப் பயத்தைப் போக்குவது உங்கள் திட்டத்தின் முதல் ஆறு மாத வேலை.

அடுத்தது, இழுத்துக்கொண்டு வந்தால் மட்டும் போதாது என்பது. இதற்கு உலகமறிந்த உதாரணம் வங்கதேசம். பிள்ளைகளின் உழைப்பில் செய்த பொருளை இறக்குமதி செய்யக் கூடாது என்று அமெரிக்க செனட்டர் டாம் ஹார்கின் 1992-ல் கொண்டுவந்த மசோதா சட்டமாகவே இல்லை. இறக்குமதி நின்றுவிடும் என்ற பயத்திலேயே ஆயத்த ஆடை ஆலைகள் ஆயிரக்கணக்கில் பிள்ளைகளை வெளியே தள்ளின. அவர்களில் பலர் பள்ளிக்குப் போகவில்லை. கல் உடைக்கவும் தெருவில் விற்கவும், அதைவிட மோசமான இடங்களுக்கும் போனார்கள். பிறகு 1995-ல் ஆலை முதலாளிகள் சங்கமும் யுனிசெஃபும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் ஒப்பந்தம் போட்டு, பள்ளியில் இடம் தயாரான பிறகுதான் பிள்ளையை வேலையிலிருந்து எடுப்பது, மாதம் ஒரு உதவித்தொகை கொடுப்பது என்று வரிசையை மாற்றினார்கள். மாற்றிய பிறகே கொஞ்சம் சரியானது. அந்த வரிசையைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். எங்கே தங்குவான், எந்த வகுப்பு, வாங்கிய முன்பணத்துக்கு வீட்டில் வந்து நிற்கிறவருக்கு யார் பதில் சொல்வது, இந்த மூன்றுக்கும் விடை இல்லாமல் குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கு அழைக்காதீர்கள். அடி, காயம், உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் விதிவிலக்கு. அப்போது யோசிக்கவே கூடாது.

பள்ளி விஷயத்தில் அன்றைய ஆந்திராவின் (இன்றைய தெலங்கானா) ரங்காரெட்டி மாவட்டத்தில் சாந்தா சின்ஹாவின் எம்.வி. ஃபவுண்டேஷன் செய்தது என் பார்வையில் இந்தியாவில் மிகத் தெளிவான வேலை. பள்ளியில் இல்லாத எந்தக் குழந்தையும் குழந்தைத் தொழிலாளிதான் என்று அவர்கள் கோடு போட்டார்கள். ஆபத்தான வேலை, ஆபத்தில்லாத வேலை என்ற பிரிவினையே கிடையாது. வீட்டு வேலை செய்யும் பெண் குழந்தையும், வீட்டு மாட்டை மேய்க்கும் பையனும் அதற்குள் வந்துவிட்டார்கள். முகாமில் தங்கவைத்து, விட்டுப்போன பாடத்தை வேகமாகச் சொல்லிக் கொடுத்து, வயதுக்கேற்ற வகுப்பில் சாதாரண அரசுப் பள்ளியிலேயே கொண்டுபோய் உட்காரவைத்தார்கள். பிறகு வந்த கல்வி உரிமைச் சட்டத்திலும் வயதுக்கேற்ற வகுப்பு, அதற்கான சிறப்புப் பயிற்சி என்று அதே எண்ணம் இடம்பெற்றது. தேசியத் திட்டத்தின் சிறப்புப் பள்ளிகள் இதற்கு எதிர்ப்பக்கம். அங்கேயும் நல்ல ஆசிரியர்கள் இருந்தார்கள். ஆனால் அது தனிப்பள்ளி. பிள்ளை அங்கேயே இருந்துவிடுவதும், அங்கிருந்து பொதுப்பள்ளிக்கு மாறும் இடத்தில் காணாமல் போவதும் நடந்தது. உதவித்தொகை வெகுகாலம் மாதம் 100 ரூபாய், அப்புறம் 150, 2017-ல் 400. அதுவும் நேரத்துக்கு வராது என்பது ஊரறிந்த புகார். கையில் முன்பணம் எண்ணிக் கொடுப்பவரோடு இந்தத் தொகை எப்படிப் போட்டியிடும்? கடைசியில் அந்தச் சிறப்புப் பள்ளிகள் மத்திய அரசின் பள்ளிக் கல்வித் திட்டமான சமக்ர சிக்ஷாவோடு இணைக்கப்பட்டன. நீங்களும் தனிப்பள்ளி ஆரம்பிக்காதீர்கள்.

பணம் கொடுப்பதில் மெக்சிகோ 1997-ல் தொடங்கிய ப்ரோகிரெஸா திட்டத்தைப் பாருங்கள். பள்ளிக்கு ஒழுங்காக வந்தால் பணம், அதுவும் தாயின் கையில். வகுப்பு ஏற ஏறத் தொகையும் ஏறும், மேல் வகுப்புப் பெண்களுக்குக் கொஞ்சம் கூடுதல். பிள்ளை வளர வளர அவன் உழைப்புக்குச் சந்தை விலையும் கூடுகிறது என்பதைப் புரிந்துகொண்ட ஏற்பாடு. அதனால் உயர்நிலை வகுப்புகளில் சேர்க்கை கூடியது, பிள்ளைகள் வேலைக்குப் போவதும் குறைந்தது. நம் ஊரில் பெரும்பாலான திட்டங்கள் ஒன்றாம் வகுப்புக்கு நோட்டும் பையும் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்கின்றன. ஒன்றாம் வகுப்புப் பிள்ளையை யாரும் கூலிக்குக் கேட்பதில்லை. எட்டாம் வகுப்பில்தான் கேட்கிறார்கள்.

மாடு, ஆடு, தையல் மெஷின் கொடுக்கும் வாழ்வாதாரத் திட்டங்களைப் பற்றியும் ஒரு எச்சரிக்கை. குடும்ப வருமானம் கூடினால் பிள்ளை பள்ளிக்குப் போவான் என்பது காகிதத்தில் சரி. கறவை மாடு வந்தால் அதை மேய்ப்பது யார்? ஊரான் ஆட்டை மேய்த்தவன் வீட்டு மாட்டை மேய்ப்பான். அது கணக்கிலும் வராது, ஏனென்றால் 2016 சட்டத் திருத்தம் பள்ளி நேரம் போகக் குடும்ப வேலையில் உதவுவதை அனுமதிக்கிறது. பல நாடுகளில் கால்நடையும் சிறுகடனும் கொடுத்த திட்டங்கள் இந்தச் சிக்கலைச் சந்தித்திருக்கின்றன. கொடுக்கத்தான் வேண்டும் என்றால் தீவனத்துக்கும் சேர்த்துக் கொடுங்கள், கட்டிப்போட்டு வளர்க்கிற மாதிரி.

அதே கதைதான் தாயின் வேலைக்கும். நாகை மாவட்டம் 2006-ல் நூறு நாள் வேலைத் திட்டத்தின் முதல் கட்டத்திலேயே இடம்பெற்றது. பெண்கள் கையில் கூலி வந்தது, அது பெரிய விஷயம். ஆனால் அம்மா போனால் கைக்குழந்தையை யார் பார்ப்பது? மூத்த பெண். வேலைத்தளத்தில் ஆறு வயதுக்குட்பட்ட ஐந்து குழந்தைகள் இருந்தால் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை நியமிக்க வேண்டும் என்று அந்தச் சட்டம் சொன்னது. எத்தனை இடத்தில் நடந்தது என்று ஊர்ப் பெண்களைக் கேளுங்கள். நடவு நாளில் பெண்கள் விடிவதற்குள் கிளம்பிவிடுவார்கள், அங்கன்வாடி திறப்பது அதற்கு வெகுநேரம் கழித்து. இந்த இரண்டு மூன்று மணி நேர இடைவெளியில்தான் டெல்டாவில் பெண் குழந்தைகளின் படிப்பு போகிறது. உங்கள் பட்ஜெட்டில் தொழிற்பயிற்சிக்கு ஒதுக்கியதில் பாதியை எடுத்து நடவு, களையெடுப்புக் காலத்தில் விடிகாலைக் குழந்தைப் பராமரிப்புக்கு ஒரு பாட்டியம்மாவை ஊருக்கு ஒருவராக அமர்த்துங்கள். காலை உணவுத் திட்டம் இந்த இடைவெளியைத் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் அடைத்திருக்கிறது. 2023 ஆகஸ்டில் அது எல்லா அரசுத் தொடக்கப்பள்ளிகளுக்கும் விரிந்தபோது தொடங்கியதும் நம் திருக்குவளையில்தான். ஆறாம் வகுப்புப் பெண்ணுக்கு அது இல்லை என்பதையும் கவனியுங்கள்.

இனி சட்டம். இங்கே ஒரு சின்ன வித்தியாசத்தில் ஒரு பிள்ளையின் இரண்டு லட்ச ரூபாய் போய்விடும். மீட்கப்பட்ட பையனைக் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தில் மட்டும் பதிவு செய்தால் முதலாளிக்கு 20,000 முதல் 50,000 வரை அபராதம், ஆறு மாதம் முதல் இரண்டு வருடம் வரை சிறை, அவ்வளவுதான் சாத்தியம். முன்பணம் கொடுத்து வைத்திருந்தது தெரிந்தால் அது 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தில் வரும். வருவாய்க் கோட்டாட்சியர் (ஆர்.டி.ஓ.) விசாரித்து விடுதலைச் சான்று கொடுத்தால் கடன் ரத்து. மத்திய அரசின் 2016 மறுவாழ்வுத் திட்டத்தில் குழந்தைக்கு 2 லட்சம் உண்டு. முழுத்தொகை வழக்கோடு முடிச்சுப் போடப்பட்டிருப்பதால் இழுக்கும். உடனடி நிவாரணம் அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை, மாவட்டத்தில் அதற்கென்று ஒரு நிதி இருக்க வேண்டும். அதனால் மீட்பு நாளன்று எடுக்கும் வாக்குமூலத்தில் "எவ்வளவு வாங்கினீர்கள், யாரிடம், எப்போது" என்ற கேள்வி கட்டாயம் இருக்கட்டும். பெற்றோர் பயந்து "சும்மாதான் அனுப்பினோம்" என்பார்கள். முதல் தடவை பெற்றோருக்குத் தண்டனை இல்லை என்று முன்கூட்டியே அவர்களிடம் பொறுமையாகச் சொல்ல ஒரு ஆள் வேண்டும். சீருடையில் வருகிறவர் சொன்னால் நம்பமாட்டார்கள்.

மில்லுக்குப் போகும் பெண்கள் வேறு கணக்கு. பதினான்கைத் தாண்டியவர்களாக இருப்பார்கள், அல்லது அப்படிக் காட்டப்படுவார்கள். சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் மூன்று வருடம் விடுதியில் தங்கி வேலை செய்தால் கடைசியில் கல்யாணத்துக்கு மொத்தத் தொகை என்று புரோக்கர்கள் ஆள் பிடித்த காலம் உண்டு. பெயர் மாறியிருக்கிறது, ஆள் பிடிப்பது நிற்கவில்லை. இதற்கு எதிராகப் பிரச்சாரம் செய்வதைவிடக் கணக்குப் போட்டுக் காட்டுவது பலிக்கும். மயிலாடுதுறைப் பக்கத்து மூவலூர் இராமாமிர்தம் அம்மையார், பெண் பிள்ளைகளைத் தேவதாசிகளாகக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடுவதை எதிர்த்து வாழ்நாளெல்லாம் போராடியவர். அவர் பெயரில் இருந்த திருமண உதவித் திட்டத்தை 2022-ல் அரசு உயர்கல்வி உதவியாக மாற்றியது. அரசுப் பள்ளியில் ஆறிலிருந்து பன்னிரண்டு வரை படித்துவிட்டுக் கல்லூரியிலோ பாலிடெக்னிக்கிலோ ஐ.டி.ஐ.யிலோ சேர்ந்தால் மாதம் 1,000 ரூபாய். மில் கல்யாணச் செலவைக் காட்டிக் கூப்பிடுகிறது, இது படிப்பைக் காட்டிக் கூப்பிடுகிறது. எட்டாம், ஒன்பதாம் வகுப்பிலேயே அம்மாக்களுக்கு இதை எழுதிக் காட்டுங்கள். பன்னிரண்டாம் வகுப்பில் சொல்லிப் பயனில்லை, போகிறவள் அதற்கு முன்பே போயிருப்பாள்.

இதையெல்லாம் செய்தாலும் பெரியவர் கூலி விழுந்தால் பிள்ளை வேலைக்குப் போவான். டெல்டாவுக்கு இது புதிதல்ல. பண்ணையாள் காலத்தில் அப்பன் பண்ணையாள் என்றால் மகன் மாட்டுக்காரப் பையன், பேச்சே கிடையாது. கம்யூனிஸ்ட் தலைவர் சீனிவாசராவ் போன்றவர்கள் கட்டிய விவசாயிகள் சங்கமும், 1952-ல் வந்த பண்ணையாள் பாதுகாப்புச் சட்டமும், கூலிக்காக நடந்த போராட்டங்களும் அந்தப் பிடியைத் தளர்த்தின. குழந்தைத் தொழிலாளர் ஒழிப்பு என்று யாரும் அதற்குப் பெயர் வைக்கவில்லை. ஆனால் டெல்டாவில் அந்த விஷயத்தில் நடந்த ஆகப்பெரிய வேலை அதுதான் என்று நான் நினைக்கிறேன். மீனவர்களுக்கு ஏப்ரல் 15 முதல் 61 நாள் தடைக்காலத்துக்கு அரசு நிவாரணம் தருகிறது, வேலை இல்லாத மாதம் என்று ஒன்று உண்டு என்பதை அங்கே ஒப்புக்கொண்டிருக்கிறது. வயல் கூலிக்காரருக்கு ஐப்பசி, கார்த்திகை அப்படிப்பட்ட மாதம்தான். ஒரு சின்னத் தொண்டு நிறுவனம் இதை மாநிலம் முழுக்கச் செய்ய முடியாது. இருபது கிராமத்தில், ஆபத்தில் இருக்கும் வீடுகளுக்கு மட்டும், மகளிர் குழு மூலம் வட்டியில்லாத மழைக்காலக் கடன் கொடுத்து, தை, மாசியில் திரும்ப வாங்க முடியும். தொகையைப் புரோக்கர் தரும் முன்பணத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள். நவம்பர் 1 கிராம சபை சரியாக அந்த நேரத்தில் வருகிறது. யார் வீட்டுப் பிள்ளை பள்ளிக்கு வரவில்லை என்ற பட்டியலை அங்கே வாசிக்காதீர்கள், அவமானப்பட்டு மறைத்துவிடுவார்கள். கடன் உண்டு என்பதை வாசியுங்கள்.

மூன்று வருடம் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. ஆறாம் வகுப்பில் சேர்த்த பையன் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுத ஐந்து கல்வியாண்டு ஆகும். நீங்கள் மூன்றாவது வருடம் அலுவலகத்தைப் பூட்டும்போது அவன் எட்டாம் வகுப்பு முடித்திருப்பான். கூலிக்கு நன்றாகத் தேறிய வயது. சுனாமிக்குப் பிறகு நாகைக் கடற்கரையில் எத்தனையோ அமைப்புகள் வந்தன, எத்தனையோ மாலை நேர வகுப்புகள் நடந்தன. நிதி முடிந்ததும் பெயர்ப்பலகைதான் மிச்சம். நிதி கொடுப்பவரிடம் ஐந்து வருடம் கேளுங்கள். மூன்றுக்கு மேல் முடியாது என்றால் மீட்டவர்களின் எண்ணிக்கையைக் காட்டுவதற்காக எல்லா வயதிலும் அள்ளிப்போடாமல், எட்டாம் வகுப்பு வயதில் இருப்பவர்களை மட்டும் எடுத்துப் பத்து வரை கொண்டுபோய்ச் சேருங்கள். அறிக்கையில் எண்ணிக்கை சின்னதாகத் தெரியும். அதற்குப் பதிலாக, சேர்த்த பிள்ளைகளில் எத்தனை பேர் இரண்டாவது கார்த்திகையில் வகுப்பில் உட்கார்ந்திருந்தார்கள் என்ற கணக்கைக் கொடுங்கள். கூடவே ஒரு நிபந்தனை போடுங்கள்: மழைக்காலக் கடனுக்கான தவணை உங்கள் கணக்கில் செப்டம்பருக்குள் வந்து சேர வேண்டும். பல நிதி நிறுவனங்கள் மார்ச் மாதக் கணக்கு முடிப்பை ஒட்டித்தான் பணம் விடும். மார்ச்சில் வந்தால் பையன் அதற்குள் கிடையோடு போயிருப்பான்.